பாட்டே கிராண்ட்: சிலாங்கூர் ஆற்றங்கரையின் ஒரு வரலாறு

கோலசிலாங்கூர் வட்டாரத்தில், பெஸ்தாரி ஜெயாவுக்குப் பக்கத்தில், தென்னமரம் என்று ஒரு தோட்டம் இருக்கிறது. அரசாங்கப் பதிவிலும் கம்பெனிப் பலகையிலும் அதே பெயர்தான். மலாய்க்காரரும் சீனரும் அதை ஏதோ ஓர் இடப்பெயராக உச்சரித்துக் கடந்துபோவார்கள். தமிழ்க் காதுக்கு விளக்கம் தேவையில்லை. ஆனால் அந்தத் தோட்டம் வரலாற்றில் இடம்பெற்றது தென்னையால் அல்ல, செம்பனையால். 1917-இல் மலாயாவில் வணிக நோக்கோடு முதன்முதலாகச் செம்பனை நடப்பட்டது அங்கேதான். நட்டவர் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். 1905-இல் மலாயாவுக்கு வந்து, சிலாங்கூர் ஆற்றங்கரையில் ரந்தாவ் பஞ்சாங்கில் கித்தாத் தோட்டம் போட்டவர். பின்னால் 'மலேசி' என்ற நாவலை எழுதி, 1930-இல் பிரான்சின் பெரிய இலக்கிய விருதான கோன்கூர் பரிசையும் வாங்கினார்.

பிரெஞ்சுக்காரர் ஒருவர் ஆப்பிரிக்க மரம் ஒன்றை மலாய் சுல்தானின் மண்ணில் தமிழ்ப் பெயருள்ள தோட்டத்தில் நட்டார். மலேசியத் தோட்ட வரலாறு முழுவதும் இந்த ஒரு வரியில் அடங்கிவிடும் என்று தோன்றலாம். அப்படித்தான் நாமும் எழுதி வந்திருக்கிறோம்: துரை வந்தார், காடு அழிந்தது, கங்காணி ஆள் கூட்டி வந்தார், லயன் வீடு எழும்பியது, மாரியம்மன் கோயில் வந்தது. இந்தக் கதையில் விடுபட்டுப் போவது ஒரே ஒரு கேள்விதான். அந்தக் காட்டில் அதற்கு முன்னால் யார் இருந்தார்கள்?

ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 9 உலகப் பழங்குடி மக்கள் நாள். ஐக்கிய நாடுகள் சபை 1994-இல் அறிவித்தது. மலேசியாவிலும் அந்த நாளை ஒட்டிப் பழங்குடி அமைப்புகள் ஒன்றுகூடுகின்றன. ஆட்டம், மூங்கில் இசை, பாய் முடைதல், முகமூடிச் சிற்பம், இன்றைய ஓவியம், ஆவணப்படம் என்று எல்லாம் இருக்கும். நம் இளைஞர்கள் சிலர் போகிறார்கள், படம் எடுக்கிறார்கள், பகிர்கிறார்கள். போகட்டும், நல்லதுதான். ஆனால் அந்த மேடையில் ஒலிக்கும் பாட்டு எதைப் பற்றியது, அது எப்படி மேடைக்கு வந்தது, அதில் நம் பங்கு என்ன என்று தெரிந்துகொண்டு போனால் காதில் விழுவது வேறாக இருக்கும்.

அசல்

முதலில் பெயரிலிருந்து தொடங்கலாம். தோட்டத்துப் பெரியவர்களிடம் பேசிப் பாருங்கள். "காட்டுக்குள்ள சக்காய்க்காரனுங்க இருப்பானுங்க. தேனு, பெரம்பு எல்லாம் கொண்டாந்து குடுத்துட்டு உப்பும் புகையிலையும் வாங்கிட்டுப் போவானுங்க" என்பார்கள். சொல்கிறவருக்கு அதில் வன்மம் எதுவும் இருக்காது. ஆனால் 'சக்காய்' என்ற அந்தச் சொல்லுக்கு அடிமை, அண்டிப் பிழைக்கிறவன் என்று பொருள். மலாய்ச் சமூகம் பயன்படுத்திய சொல்லை வெள்ளைக்கார இனவரைவியலாளர்கள் எடுத்து நூல்களில் ஏற்றினார்கள். நாம் அதை அப்படியே வாங்கி வாயில் போட்டுக்கொண்டோம். 'கூலி' என்று தன்னை அழைத்ததற்குக் கூசிய சமூகம், பக்கத்துக் காட்டில் இருந்தவனை 'அடிமை' என்று கூசாமல் அழைத்திருக்கிறது.

இன்றைய பெயரான 'ஓராங் அஸ்லி'க்கும் ஓர் அரசியல் உண்டு. 1948 முதல் 1960 வரையிலான அவசரகாலத்தில், காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் இந்த மக்களைச் 'சக்காய்' என்று அழைக்காமல் 'அசல்' என்று அழைத்தார்கள். அந்த மரியாதை அவர்களுக்கு ஆதரவைச் சம்பாதித்துக் கொடுத்தது. அரசாங்கம் விழித்துக்கொண்டு, பிறகு 'அஸ்லி'யைத் தனதாக்கிக்கொண்டது. இரண்டும் அரபு வேரிலிருந்து வந்தவை. நம்மிடமும் அந்தச் சொல் இருக்கிறது, 'அசலும் வட்டியும்' என்கிறோமே, அதே அசல்தான். மூலதனம், முதல், ஆதி. கணக்குப் பார்த்தால் இந்த நாட்டில் அசல் அவர்களுடையது.

தீபகற்ப மலேசியாவில் இவர்களை அரசாங்கம் 18 இனக்குழுக்களாகப் பகுத்திருக்கிறது. சிலாங்கூரில் முக்கியமாக இரண்டு குழுக்கள்: உள்நாட்டுக் காடுகளில் தெமுவான், கடலோரச் சதுப்புநிலத்தில் மா மெரி. பெஸ்தாரி ஜெயா பக்கம் புக்கிட் பாடோங்கில் இன்றைக்கும் தெமுவான் கம்பம் இருக்கிறது. செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவில் இருப்பதால் பலருக்கு அது கண்ணில் படுவதில்லை.

காட்டை அழித்தது தமிழர்கள்தான் என்று மொத்தமாகப் பழியைச் சுமக்கவும் வேண்டியதில்லை. பெருமரங்களை வீழ்த்தும் வேலை பெரும்பாலும் சீன, ஜாவானிய, மலாய் ஒப்பந்தக்காரர்களிடம் போனது. விழுந்ததை எரித்தபின் வடிகால் வெட்டியது, களையெடுத்தது, நட்டது, பால் வெட்டியது தமிழர்கள். முடிவெடுத்தது லண்டனிலும் பாரிஸிலும் இருந்த பங்குதாரர்கள். ஆனாலும் ஒன்றை மறைக்க முடியாது. நம் கால் பதிந்த ஒவ்வொரு நிறையும் யாரோ ஒருவரின் வேட்டைக்காடு, பழத்தோப்பு, இடுகாடு. தென்னமரம் என்று நாம் பெயர் வைத்த இடத்துக்கு அவர்களிடமும் ஒரு பெயர் இருந்திருக்கும்.

ஆற்றின் தலைமாட்டில்

சிலாங்கூர் ஆறு ஃபிரேசர்மலைப் பக்கத்து மலைகளில் பிறந்து, கோலகுபு பாரு வழியாக இறங்கி, ரந்தாவ் பஞ்சாங், பெஸ்தாரி ஜெயா தாண்டி, கம்போங் குவாந்தானில் மின்மினிகள் மினுங்கும் பெரெம்பாங் மரங்களை நனைத்துவிட்டு, கோலசிலாங்கூரில் கடலில் கலக்கிறது. தலைமாட்டில் தெமுவான்கள், இடுப்பில் தோட்டத் தமிழர்கள், கால்மாட்டில் மலாய் மீனவர்களும் சீன மீன்கடைகளும். ஒரே தண்ணீர்.

கோலகுபுவில் 1883-இல் பழைய அணை ஒன்று உடைந்தது. ஊர் அடித்துக்கொண்டு போனது. மாவட்ட அதிகாரியாக இருந்த செசில் ரேங்கிங்கும் அதில் இறந்தார். அவர் ஆற்றில் வெள்ளை முதலையைச் சுட்டதால்தான் அணை உடைந்தது என்று ஊரில் கதை. தெமுவான்களின் நம்பிக்கையில் அந்த ஆறே ஒரு நாகத்தின் இருப்பிடம். வெள்ளம் திரும்பத் திரும்ப வந்ததால் பின்னர் ஊரையே இடம் மாற்றி 'பாரு', அதாவது 'புது' என்று பெயர் வைத்தார்கள்.

அந்த நம்பிக்கையைப் பாட்டாகச் சுமந்தவர் மினா அங்கோங். எல்லோருக்கும் மாக் மினா. கோலகுபு பாருவுக்கு மேலே, பெர்தாக், கெராச்சி கம்பங்களைச் சேர்ந்த தெமுவான் சடங்குப் பாடகி. நோய் தீர்க்கவும் மூதாதையரை அழைக்கவும் பாடும் 'சாவாய்' சடங்கில் பாடுகிறவர். பக்கவாத்தியம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. வெவ்வேறு நீளத்தில் வெட்டிய மூங்கில் குழாய்களைச் செங்குத்தாகப் பிடித்து ஒரு கட்டையின் மேல் மாற்றி மாற்றிக் குத்துவார்கள். நம்மூரில் உலக்கை போடும்போது இரண்டு பெண்கள் மாறி மாறிக் குத்தும் தாளம் ஞாபகத்தில் இருந்தால் அதைக் கற்பனை செய்துகொள்ளலாம்.

1990களில் அந்தப் பகுதியில் குடியேறிய எழுத்தாளரும் இசைக்கலைஞருமான அந்தாரெஸ், வேறு சில இசைக்கலைஞர்களோடு சேர்ந்து மாக் மினாவின் குரலை நவீன இசையோடு இணைத்தார். குழுவின் பெயர் 'அகார் உம்பி', அடிவேர் என்று சொல்லலாம். சரவாக்கில் 1998-இல் தொடங்கிய மழைக்காட்டு உலக இசை விழாவின் தொடக்க ஆண்டுகளிலேயே அகார் உம்பி அங்கே பாடியது. அறுபது வயதைக் கடந்த ஒரு தெமுவான் கிழவி, வெற்றிலை போட்ட வாயோடு, பல நாட்டு ரசிகர்கள் முன்னால் ஆற்றையும் காட்டையும் பாடினார். இன்று நாம் 'சமகாலப் பழங்குடிக் கலை' என்று சொல்கிறோமே, அதற்கு இந்த நாட்டில் அது ஒரு முக்கியமான தொடக்கம்.

அதே காலத்தில்தான் இன்னொன்றும் நடந்தது. 1998-இல் கிள்ளான் பள்ளத்தாக்கில் கடுமையான தண்ணீர்ப் பஞ்சம். வீட்டுக் குழாயில் தண்ணீர் வரவில்லை, வாளியோடு லாரிக்குக் காத்திருந்தோம். தீர்வாக வந்தது சிலாங்கூர் ஆற்று அணைத் திட்டம். இடம், பெர்தாக்குக்குப் பக்கம். கெராச்சி, பெர்தாக் ஆகிய இரண்டு தெமுவான் கம்பங்களும் இடம்பெயர வேண்டும். சுற்றுச்சூழல் அமைப்புகள் எதிர்த்தன. எதிர்ப்பு பலிக்கவில்லை. 1999-இல் மாக் மினா இறந்தார். 2000களின் தொடக்கத்தில் அணை எழும்பியது, பள்ளத்தாக்கு மூழ்கியது. அகார் உம்பியின் இசைத்தட்டு அவர் மறைவுக்குப் பிறகு வெளிவந்தது. அதன் பெயர் 'நாகத்தின் பாடல்கள்'.

மேடை அவரைக் கொண்டாடியது. ஆனால் மேடையால் அவருடைய ஆற்றைக் காப்பாற்ற முடியவில்லை. இன்று கோலாலம்பூரிலும் சிலாங்கூரிலும் குழாயைத் திறந்தால் வரும் தண்ணீரில் பாதிக்கும் மேல் அந்த ஆற்றுத் தண்ணீர்தான். அதைக் குடித்துக்கொண்டுதான் நானும் இதை எழுதுகிறேன். அணை வேண்டாம் என்று சுலபமாகச் சொல்லிவிட முடியாது. ஆனால் யாருடைய கிராமம் முழுகி யாருடைய வீட்டுக் குழாயில் தண்ணீர் வந்தது என்பதாவது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பாட்டைச் சாட்சியாக ஏற்றபோது

பட்டா என்று தமிழ்நாட்டில் சொல்வதை இங்கே 'கிராண்ட்' என்போம். தெமுவான்களிடம் கிராண்ட் கிடையாது. 1954-இல் கொண்டுவரப்பட்ட பழங்குடியினர் சட்டம் அவர்களை அவர்களுடைய மண்ணிலேயே, மாநில அரசு விரும்பும்வரை குடியிருக்கலாம் என்ற நிலையில்தான் வைத்தது. இருக்கச் சொன்னால் இருக்கலாம், போகச் சொன்னால் போகணும். நிலம் எடுக்கப்பட்டால் அங்கே நட்டிருந்த பழமரங்களுக்கும் பயிருக்கும் இழப்பீடு உண்டு, நிலத்துக்குக் கிடையாது. தோட்டத் தமிழனுக்கு இந்த வாக்கியம் எங்கோ கேட்டதுபோல இருக்கும். அதைப் பிறகு பார்க்கலாம்.

கிராண்ட் இல்லாதவர் தன் நிலம் என்று எப்படி நிரூபிப்பார்? இந்த இடத்தில்தான் கலை சட்டமாகிறது. உலகின் மூன்று மூலைகளில் நடந்தவற்றை வரிசையாக வைத்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது ஆஸ்திரேலியா. 1963-இல் வடக்கு ஆஸ்திரேலியாவின் ஈர்க்காலா என்ற ஊரில், தங்கள் நிலத்தை பாக்சைட் சுரங்கத்துக்கு எடுப்பதை எதிர்த்து யோல்ங்கு மக்கள் நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பினார்கள். தங்கள் மொழியிலும் ஆங்கிலத்திலும் தட்டச்சு செய்த காகிதத்தை மரப்பட்டையில் ஒட்டி, சுற்றிலும் தங்கள் குலத்தின் ஓவியங்களை வரைந்தார்கள். அந்த ஓவியம் அலங்காரமல்ல. இந்த வடிவம் எங்களுடையது, ஆகவே இந்த வடிவம் சொல்லும் நிலமும் எங்களுடையது என்ற அத்தாட்சி. 1971-இல் வழக்கில் தோற்றார்கள். ஆனால் அந்தத் தோல்விதான் 1976-இல் நிலவுரிமைச் சட்டத்துக்கு வழி திறந்தது. 1992-இல், டோரஸ் நீரிணைத் தீவுவாசியான எடி மாபோவின் வழக்கில், வெள்ளையர் வருவதற்கு முன் ஆஸ்திரேலியா யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்ற பழைய பொய்யை உயர்நீதிமன்றம் தூக்கி எறிந்தது.

இரண்டாவது கனடா. 1987-இல் விசாரணை தொடங்கிய டெல்கமூக் வழக்கில் கிட்க்சான் இனத்து மூதாட்டி மேரி ஜான்சன், தன் குலத்தின் நிலத்தோடு பிணைந்த புலம்பல் பாட்டை நீதிமன்றத்திலேயே பாட முன்வந்தார். பாடுவதால் பயனில்லை, எனக்கு இசைக்காது கிடையாது என்ற பொருளில் நீதிபதி சொன்னார். அவர் பாடினார். 1991-இல் தீர்ப்பு அவர்களுக்கு எதிராக வந்தது. 1997-இல் கனடா உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் திருத்தியது. வாய்மொழி வரலாற்றை எழுத்து ஆவணத்துக்குச் சமமாக எடைபோட வேண்டும் என்றது.

மூன்றாவது நம் வீட்டுப் பக்கம். ஜொகூரில் லிங்கியூ அணைக்காக நிலம் இழந்த ஜக்குன் மக்கள் தொடுத்த அடோங் வழக்கில், 1996-இல் உயர்நீதிமன்றம் மாபோ தீர்ப்பைப் பின்பற்றி அவர்களுக்கு இழப்பீடு வழங்கச் சொன்னது. அடுத்து சாகோங் தாசி வழக்கு. சிலாங்கூரில் டிங்கிலுக்குப் பக்கம் புக்கிட் தம்போய் கம்பத்துத் தெமுவான்களின் நிலம், 1995-இல் விமான நிலையத்துக்குப் போகும் நெடுஞ்சாலைக்காக எடுக்கப்பட்டது. வெளியேறச் சொல்லி அவர்களுக்குக் கொடுத்த அவகாசம் வெறும் 14 நாள். 2002-இல் ஷா ஆலம் உயர்நீதிமன்றம், வாய்மொழி வரலாற்றைச் சாட்சியமாக ஏற்றுக்கொண்டு, அந்த நிலத்தில் தெமுவான்களுக்குப் பாரம்பரிய உரிமை இருக்கிறது என்று தீர்ப்பளித்தது. 2005-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அந்தத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி கோபால் ஸ்ரீராம்.

ஈர்க்காலாவின் மரப்பட்டையிலிருந்து டிங்கில் நெடுஞ்சாலை வரை ஒரு கோடு ஓடுகிறது. பாட்டு, கதை, சடங்கு, மூதாதையர் பெயர், இடுகாட்டு மரம், பழத்தோப்பு ஆகியவைதான் அந்தக் கோட்டின் புள்ளிகள். இதைத் தெரிந்துகொண்ட பிறகு பழங்குடி விழாவில் கேட்கும் ஒரு பாட்டு வெறும் 'நாட்டுப்புற இசை'யாகக் கேட்காது. இந்த மலை, இந்த ஆறு, இந்த மரம் என்று அது பெயர் சொல்லும்போது, அங்கே ஒரு கிராண்ட் வாசிக்கப்படுகிறது என்று புரியும்.

யார் வீட்டுத் திருவிழா?

சிலாங்கூரில் மா மெரி மக்களின் மூதாதையர் நாளான 'ஹரி மோயாங்' இன்று ஓரளவு வெளியுலகம் அறிந்த விழா. நடப்பது கேரித் தீவில். நம்மவர்களுக்கு நன்றாகத் தெரிந்த இடம்தான். எட்வர்ட் வேலன்டைன் கேரி என்ற தோட்டத்துரையின் பெயரைத் தாங்கிய அந்தத் தீவு பெரும்பகுதி செம்பனை. தமிழ்ப்பள்ளி உண்டு, கோயில் உண்டு, பல தலைமுறைத் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் உண்டு. அதே தீவில் சுங்கை பும்புன், சுங்கை ஜூடா போன்ற மா மெரி கம்பங்களும் உண்டு.

விழா நாளில் காலையில் மோயாங் வீட்டில், அதாவது மூதாதையர் ஆவிகளுக்கான சின்ன வீட்டில், படையல் நடக்கும். அரிசிமாவு கரைசலைத் தொட்டு வைத்து ஆசி வழங்குவார்கள். பிறகு 'ஜோஓ' ஆட்டம். நடுவில் மண்மேடு போல ஓர் அமைப்பு, அதைச் சுற்றி ஓலையில் முடைந்த அலங்காரம் அணிந்த பெண்கள் வளைந்து வருவார்கள். முகமூடி போட்ட ஆண்கள் மூதாதையராக உள்ளே நுழைவார்கள். பிடில், மத்தளம், கோங், மூங்கில். குருத்தோலையில் பூவும் பறவையும் முடைவதைப் பார்த்தால் நம் தோரணம் கட்டும் கை நினைவுக்கு வரும். முகமூடி செதுக்குவது சதுப்புநிலத்தில் வளரும் நிரே பாத்து மரத்தில். இந்தச் சிற்பங்களுக்கு யுனெஸ்கோவின் தரச்சான்று கிடைத்திருக்கிறது. சதுப்புக்காடு குறையக் குறைய, மரம் கிடைப்பதுதான் கஷ்டமாகிவிட்டது. சிற்பிக்குச் சான்றிதழ் கிடைத்துவிட்டது, மரம் கிடைக்கவில்லை.

இந்தச் சிக்கலை நேராகப் பேசுகிற புதிய தலைமுறையும் வந்துவிட்டது. கோலலங்காட்டின் பூலாவ் கெம்பாஸ் கம்பத்துத் தெமுவான் ஓவியர் ஷாக் கோயோக் கல்லூரியில் ஓவியம் படித்தவர். கித்தான் துணியை விட்டுவிட்டு, தன் சமூகத்துப் பெண்கள் முடைந்த பாய்களின் மேலேயே முகங்களை வரைகிறார். பாய் என்பது தெமுவான் பெண்ணின் கலை, முகம் என்பது அவருடைய கலை. இரண்டும் ஒரே பரப்பில். 2020-இல் வட கோலலங்காட் காட்டு ஒதுக்கீட்டை நீக்கி மேம்பாட்டுத் திட்டத்துக்குக் கொடுக்க மாநில அரசு முன்மொழிந்தபோது தெமுவான்கள் எதிர்த்தார்கள், ஷாக்கும் முன்னால் நின்றார். ஒருகட்டத்தில் காட்டின் ஒரு பகுதி ஒதுக்கீட்டிலிருந்து நீக்கப்பட்டே விட்டது. பொதுமக்கள் எதிர்ப்பு அடங்கவில்லை. 2021 செப்டம்பரில் அரசு பின்வாங்கியது. மாக் மினா காலத்தில் மேடையும் போராட்டமும் தனித்தனியாகக் கிடந்தன. இருபது வருடம் கழித்து ஓவியமும் போராட்டமும் ஒரே கையில் வந்தபோது ஒரு காடு தப்பியது. ஓவியம் மட்டும் காப்பாற்றியது என்று சொல்லவில்லை. கம்பத்து மக்கள், வழக்கறிஞர்கள், சூழலியலாளர்கள் என்று பலர். ஆனால் அந்த முகங்களைப் பார்த்த நகரத்து ஆள், 'அங்கே யாரும் இல்லை' என்று நினைக்க முடியாமல் போனது.

விழாக்களைப் பற்றி எழும் நியாயமான சந்தேகம் ஒன்று உண்டு. சடங்கை மேடைக்குக் கொண்டுவந்தால் அது காட்சிப்பொருளாகிவிடாதா? ஆகும், மேடையை யார் போடுகிறார்கள் என்பதைப் பொறுத்து. ஆஸ்திரேலியாவில் 1999 முதல் நடக்கும் கார்மா விழா யோல்ங்கு மக்களின் நிலத்தில், அவர்களுடைய அமைப்பால் நடத்தப்படுகிறது. பிரதமராக இருந்தாலும் விருந்தாளியாகத்தான் வர வேண்டும். இங்கே சுற்றுலாத் துறை நிகழ்ச்சிக்கு ஆட்டக்காரர்களை வேனில் ஏற்றிவந்து, இருபது நிமிடம் ஆடவிட்டு, சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்து அனுப்புவதும் 'பண்பாட்டு நிகழ்ச்சி'தான். இரண்டும் ஒன்றல்ல. ஹரி மோயாங்கில் மூதாதையர் வீடு அவர்களுடைய கம்பத்தில் இருக்கிறது. நாள் குறிப்பதும் அவர்களே. நாம் போனால் விருந்தாளிகள்.

நம் கணக்கு

இப்போது தோட்டத்துக்குத் திரும்பலாம். கோலசிலாங்கூர், உலுசிலாங்கூர் தோட்டங்களில் ஒருகாலத்தில் மாசி மாதம் காமன் கூத்து, ஆடியில் மாரியம்மன் திருவிழா, தீமிதி, தெருக்கூத்து, பொன்னர் சங்கர் கதை. பக்கத்துத் தோட்டத்து ஆளுங்க லாரி கட்டிக்கிட்டு வருவாங்க. துரைக்கு மாலை போட்டு முன்வரிசையில் நாற்காலி. விடிய விடிய கூத்து. நடவுப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி எல்லாம் கித்தாக்காட்டுக்கு ஏற்றபடி சொல் மாறின. முத்தம்மாள் பழனிசாமி போன்றவர்கள் அவற்றில் சிலவற்றைத் தொகுத்திருக்கிறார்கள். மிச்சம் போய்விட்டது.

தோட்டம் துண்டாடப்பட்டது. அதைத்தான் அகிலன் 'பால்மரக் காட்டினிலே'யில் எழுதினார். பிறகு தோட்டம் வீட்டுமனையானது, கோல்ஃப் திடலானது. வேலை போனால் வீடும் போகும் என்பதுதான் லயன் வீட்டின் விதி. மூன்று தலைமுறை வாழ்ந்திருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அவர்கள் முதலாளி விரும்பும்வரை குடியிருப்பவர்கள். கோயிலுக்கும் கிராண்ட் கிடையாது. மேரி, மின்யாக், நைஜல் கார்டனர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள், 200-க்கும் மேற்பட்ட குடும்பங்கள், வாக்களிக்கப்பட்ட வீட்டுக்காக ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். 2023-இல்தான் அரசாங்க நிதி அறிவிப்பு வந்தது.

ஆகவே, 'நாங்களும் அவங்களும் ஒண்ணுதான்' என்று சொல்ல நாக்கு துடிக்கும். நிதானிக்க வேண்டும். 'வந்தேறி' என்று நம்மைச் சொல்லும்போது நமக்கு வலிக்கிறது. அந்த வலிக்கு மருந்தாக 'உண்மையான மண்ணின் மைந்தர்கள் ஓராங் அஸ்லிதான், நீங்களும் வந்தேறிதான்' என்று மலாய்க்காரரிடம் வாதம் செய்ய அவர்களை இழுக்கிறோம். அரசியல் மேடையில், காப்பிக்கடையில், முகநூலில் இது அடிக்கடி நடக்கிறது. நம் வழக்குக்குச் சாட்சியாக அவர்களைக் கூப்பிடுகிறோம், அவர்கள் வழக்கு நடந்தபோது நாம் நீதிமன்றத்துப் பக்கம் போனோமா?

அவர்களுடைய உரிமை, ஆதியிலிருந்து இருந்ததால் வந்த உரிமை. நம்முடைய உரிமை, உழைத்ததால் வந்த உரிமை. இரண்டுக்கும் வேர் வேறு, நியாயம் வேறு. ஒன்றை ஒன்றோடு குழப்பினால் இரண்டும் பலவீனப்படும். அவர்கள் மண்ணில் நம் உழைப்பு நடந்திருக்கிறது என்பதை ஒப்புக்கொண்டு பேசினால்தான் நம் உழைப்பின் உரிமையையும் நேர்மையாகக் கேட்க முடியும்.

ஆனால் அவர்களிடமிருந்து கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது. கிராண்ட் இல்லாதபோது நினைவுதான் கிராண்ட். தெமுவான் கிழவர் ஒருவரால் நீதிமன்றத்தில் நின்று, இந்த டுரியான் மரத்தை நட்டது என் பாட்டன், அதன் கீழே புதைத்தது என் பாட்டியை என்று சொல்ல முடிந்தது. நம்மில் எத்தனை பேரால் சொல்ல முடியும்? தாத்தா எந்த நிறையில் பால் வெட்டினார், எந்தக் கிணற்றில் தண்ணீர் இறைத்தார்கள், முனியாண்டி கோயில் ஆலமரம் எந்த மேட்டில் நின்றது, கூத்தில் ரதி வேஷம் கட்டியது யார், தோட்டத்து இடுகாடு இப்போது எந்தச் சாலையின் அடியில் இருக்கிறது? இவற்றைத் தெரிந்த கடைசித் தலைமுறை இப்போது தாமான் வீடுகளிலும் அடுக்குமாடிகளிலும் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருக்கிறது. கைப்பேசியில் பதிவுசெய்ய ஒரு மாலை போதும். பாட்டை மட்டும் பதிவுசெய்யாதீர்கள். அது எந்த இடத்தில், யாரால், எந்த வேலையின்போது பாடப்பட்டது என்று கேளுங்கள். அந்த இடத்துக்கு அதற்கு முன்னால் என்ன பெயர், அங்கே அவர்கள் பார்த்த காட்டு மக்கள் யார் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். 'சக்காய்க்காரன்' என்று பதில் தொடங்கினால் திருத்திவிட்டு, தொடர்ந்து கேளுங்கள். அந்த நினைவில் ஒரு தெமுவான் கம்பத்தின் இருப்பிடம் கிடைக்கலாம். அது அவர்களுக்கு என்றாவது சாட்சியமாகப் பயன்படவும் கூடும்.

அடுத்த ஆகஸ்டில் விழாவுக்குப் போகிறவர்கள் போங்கள். பாய் வாங்குங்கள், பேரம் பேசாதீர்கள். படம் எடுப்பதற்கு முன் கேளுங்கள். மூங்கில் குத்தும் பாட்டி ஆற்றின் பெயரைப் பாடும்போது அது எந்த ஆறு என்று பக்கத்தில் இருக்கும் பேத்தியிடம் விசாரியுங்கள். கோலசிலாங்கூர்க்காரராக இருந்தால், நீங்கள் காலையில் குளித்துவிட்டு வந்த தண்ணீரின் பெயராகவே அது இருக்கலாம்.